லுட்டீசியத்துக்கு ஒரு கொத்து வேப்பிலை

தனிம அட்டவணையின் அடியில், பந்தியில் இடம் கிடைக்காதவர்களைப் போல, தனியாக ஒதுக்கி வைத்த இரண்டு வரிசைகள் உண்டு. மலேசியாவின் அலோர் காஜாவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் நடத்திய காலம் முழுக்க அந்த வரிசைகளை நான் தொட்டதே இல்லை. கீழே இருப்பவை தேர்வுக்கு வராது, விட்டுவிடுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த இரண்டில் மேல் வரிசையின் கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்திருப்பது லுட்டீசியம். பணி ஓய்வு பெற்று, இனி எந்தத் தனிமத்தின் முகத்திலும் விழிக்க வேண்டாம் என்று இருந்த என்னைத் தேடி, அது என் கணவரின் உடம்புக்குள் ஏறிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டது.

என் கணவர் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருக்குப் பேச்சு வாயில் பாதி, கையில் பாதி. எதிரே இருப்பவரின் தோளைத் தொடாமல், முதுகில் தட்டாமல், சின்னப் பிள்ளையாக இருந்தால் கன்னத்தைக் கிள்ளாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க அவரால் முடியாது. பேங்க் அதிகாரியின் தோளில்கூடக் கை போட்டுப் பேசி என் மானத்தை வாங்கியிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார். கோபம் வந்தாலும் டீச்சர், குஷி வந்தாலும் டீச்சர்.

அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய். ஊசி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று, நோய் எலும்புக்கும் போயிருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஒரே மகள் கர்ப்பமானாள். மலாக்கா டவுனில் கணவன், மாமியாரோடு இருக்கிறாள். செய்தி கேட்ட அன்றே அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வளைகாப்பில் அவள் கன்னத்தில் தன் கையால் சந்தனம் பூச வேண்டும். அவர் வீட்டு வழக்கத்தில் பெண்கள் எல்லாரும் வளையல் போட்டு முடித்தபின் கடைசியாகப் பெண்ணின் அப்பா வந்து சந்தனம் பூசுவார். தன் அக்காவுக்கு அவர் அப்பா அப்படிப் பூசியதைச் சிறு வயதில் பார்த்தாராம். அதிலிருந்து அந்த நாளுக்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

ஆனி மாதக் கடைசியில் நல்ல நாள் பார்த்தார்கள். அதை விட்டால் ஆடி வந்துவிடும், ஆடியில் யாரும் வைக்கமாட்டார்கள். மண்டபமும் எடுத்தாயிற்று. அந்த வாரத்தில்தான் கோலாலம்பூர் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. லுட்டீசியம் மருந்து வருகிறது, வளைகாப்புக்கு நான்கு நாளைக்கு முன்னால் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், அதன்பிறகு சுமார் இரண்டு வாரத்துக்குக் கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கத்தில் போகக் கூடாது என்றார்கள். கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதா என்று கேட்டேன். முடியாது, அது இருக்கும் இடத்திலேயே தானாகக் கரைந்துகொண்டிருக்கும் சரக்கு, ஒவ்வோர் ஆளுக்கும் தனியாகச் சொல்லி வரவழைக்கிறோம், அடுத்தது எப்போது என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

இவர் பெரிய மனது பண்ணி, சிகிச்சையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கரண்டியை அடுப்பின் மேல் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"சந்தனம் பூசக் கை இருந்தா போதாதுங்க. கைக்குப் பின்னாடி ஆளும் இருக்கணும்."

அவர் வீட்டு முன்புற ஐந்தடித் தாழ்வாரத்தில் போய் நின்று மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முழுவதும் யாரையும் தொடாமலே பேசினார். மறுநாள் காலையில், எப்போது போக வேண்டும் என்று கேட்டார்.

எனக்குக் கோபம் தணிய ஒரே வழி, கோபப்படுத்திய விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது. உட்கார்ந்து லுட்டீசியத்தைப் படித்தேன். வெள்ளி நிறத்து உலோகம். தன் வரிசையிலேயே கடினமானது, அடர்த்தியானது. பாரிஸ் நகரத்தின் பழைய லத்தீன் பெயரைச் சுமந்து திரிகிறது. அந்த வரிசைத் தனிமங்களின் குணம் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு, லுட்டீசியமோ இருப்பதே கொஞ்சம், ஆகவே விலை எக்கச்சக்கம். நம் நாட்டில் வெள்ளீயம் தோண்டியெடுத்தபின் வேண்டாம் என்று குவித்த மணலில்கூட இந்தக் குடும்பத்துக்காரர்கள் சிலர் கலந்து கிடக்கிறார்கள் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. லுட்டீசியம் கலந்த படிகத்தை ஸ்கேன் எந்திரத்துக்குள் வைத்து, உடம்பிலிருந்து வரும் கதிரைப் பிடிக்கிறார்கள். விண்கல்லின் வயதைக் கணக்குப் போடவும் இது உதவுகிறது. இத்தனை பெரிய ஆளைத்தான் தேர்வுக்கு வராது என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

மருந்தில் இருப்பது அதன் கதிர்வீசும் வகை. அது வீசும் துகள் சதைக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் ஓடும். அதனால் எங்கே போய் உட்காருகிறதோ அந்த இடத்தைத்தான் பெரும்பாலும் சுடும். கூடவே கொஞ்சம் வேறு கதிரும் உடம்பைத் தாண்டி வெளியே வரும். அதை வைத்துத்தான் மருந்து எங்கே சேர்ந்தது என்று படம் எடுக்கிறார்கள். அதற்காகத்தான் மற்றவர்களைத் தள்ளி இருக்கச் சொல்கிறார்கள். ஆனால் லுட்டீசியத்துக்குத் தானாக வழி தெரியாது. நோய்ச் செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூறோடு அதைக் கோத்து அனுப்புகிறார்கள். இதை நான் பலகையில் எழுதாத குறையாக விளக்கியதும், இவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் மூலக்கூறு லாரி, லுட்டீசியம் சரக்கு, நோய்தான் இறக்குகிற மில்லா என்று கேட்டார். ஆமாம் என்றேன். டிரைவர் வழியில் எங்கேயும் தே தாரேக் டீ குடிக்க நிறுத்தாமல் போனால் சரி என்றார். பாரிஸ் பெயர்க்காரி வருகிறாள் என்று சொன்னதால், மருத்துவமனைக்குத் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

காரீயக் கவசத்துக்குள் இருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவரை ஓர் அறையில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் போகலாம் என்றார்கள். போகும்போது தாதி சொன்ன விதிகள் நிறைய. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். தனி அறையில் தூங்க வேண்டும். துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கழிப்பறையில் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், உட்கார வேண்டும் என்றதும் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வாழ்நாள் முழுக்க ஸ்டீயரிங் பிடித்தவர் அன்று காரின் பின் சீட்டில், எனக்குக் குறுக்கே மூலையில் உட்கார்ந்து வந்தார். பட்டம் வாங்கிய டத்தோ மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, நான் எப்போது கியர் மாற்ற வேண்டும், எந்த லாரியை முந்தக் கூடாது என்று சிம்பாங் அம்பாட் டோல் வரைக்கும் உத்தரவு போட்டார். இவருக்குள் ஏற்றியிருப்பது கதிர் மருந்தா, இல்லை அதிகப்பிரசங்கமா என்று கேட்டுவிட்டேன்.

பின்னறையில் கட்டில் போட்டு, தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தேன். தட்டு தனியாக வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லவில்லை, நான்தான் ஒரு படி கூடவே போனேன். அவர் அறை வாசலில் நின்று பேசுவார், நான் சமையலறை வாசலில் நின்று பதில் சொல்வேன். தொட்டுப் பேசியே பழகிய மனிதர், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கதவு நிலையைத் தடவிக்கொண்டே நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வந்த மறுநாளே நியாலாஸிலிருந்து வேனில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மருத்துவமனைக்குப் போய் வந்தவரைப் பார்க்காமல் இருப்பது எங்கள் ஜனங்களுக்கு ஆகாத காரியம். பெரிய மைலோ டின், ஆரஞ்சுப் பழம், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் நாத்தனாரின் மருமகள். நான் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கதிர்வீச்சு, தூரம், குழந்தை என்று முழுப் பாடத்தையும் நடத்தினேன். நாத்தனார் கடைசிவரை கேட்டாள். பிறகு, தம்பியைப் பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு வகுப்பு எடுக்கிறாளே என்று வேனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மைலோ டின்னை ரோட்டோரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே அவர் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அழுதுகொண்டே போகிறாள் என்று மட்டும் சொன்னார்.

இதையெல்லாம் எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைவிடப் பெரியவள், ஒரு காலத்தில் என் கணவர் பிறந்த தோட்டத்திலேயே பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவள். எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அவளுக்குத் தெரியாமல் கொதிக்காது. மாலையில் கேட் பக்கம் வந்து என்ன விஷயம் என்று கேட்டாள். அவளுக்கும் ஒரு முறை பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் விரல்களை மடக்கினாள்.

"ஒடம்புக்குள்ள சூடு. தனி ரூமு, தனித் தட்டு. யாரும் கிட்ட போகக் கூடாது, வயித்துப்புள்ளக்காரி வரவே கூடாது. இத முன்னாடியே சொல்லியிருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்லா, டீச்சர்."

மறுநாள் காலையில் கதவைத் திறந்தேன். எங்கள் கேட்டில் இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அம்மை போட்ட வீட்டுக்குக் கட்டுவதைக் கதிர் மருந்துக்குக் கட்டிவைத்திருக்கிறாளே, நான் வேதியியல் நடத்தியதெல்லாம் வேப்பமரத்தில் போய் முடிந்ததே என்று அதை அவிழ்க்கக் கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஓர் அம்மாள் தன் பேரப்பிள்ளையோடு நடந்து வந்தாள். எங்கள் கேட்டைப் பார்த்தாள். பிள்ளையை அந்தப் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்துவிட்டுப் போனாள். நான் ஒரு மணி நேரம் விளக்கியும் நடக்காதது, ஒரு கொத்து இலையில் ஒரு நொடியில் நடந்தது. நீட்டிய கையை மெதுவாக எடுத்துவிட்டேன்.

அதன்பிறகு யாரும் மணி அடிக்கவில்லை, யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை. கேட்டில் இளநீர் தொங்கும், மோர் இருக்கும், கேழ்வரகுக் கூழ் மூடி போட்டு வந்திருக்கும். நாத்தனாருக்கு எப்படியோ செய்தி போயிருக்கிறது. அவளே போன் போட்டு, ஆத்தா வந்திருப்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேனா என்று கோபித்துக்கொண்டாள். வீட்டில் தாளிக்கக் கூடாது என்று எனக்கு எச்சரிக்கையும் கொடுத்தாள். நான் திருத்தவில்லை. முப்பது வருடம் தப்பைத் திருத்தியே பிழைத்தவள் நான், முதல் முறையாகச் சரி என்றேன். மீன் குழம்பு கேட்ட என் கணவருக்குத்தான் நஷ்டம். வாசனை தெருவுக்குப் போனால் மானம் போகும் என்று அந்த இரண்டு வாரமும் அவருக்குப் பத்தியச் சாப்பாடுதான் கிடைத்தது.

வளைகாப்பு அன்று, பெற்றவள் இல்லாமல் ஆகாது என்று, மஞ்சள் தண்ணீரில் தலை முழுகிவிட்டு நான் மட்டும் போனேன். பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டவர்களிடம், நான் வாயைத் திறக்கும் முன்னால் சம்பந்தி அம்மாளே, வீட்டில் முத்துப் போட்டிருக்கிறது என்று மெல்லச் சொல்லிவிட்டார். அவர் மகனுக்கும் என் மகளுக்கும் உண்மை தெரியும். இருவரும் தரையைப் பார்த்தார்கள். வளையல் எல்லாம் போட்டு முடித்தபின், கடைசியாகப் பெண்ணின் அப்பா வரவேண்டிய நேரத்தில், கைபேசியில் அவர் முகத்தைக் காட்டினேன். அதே தீபாவளிச் சட்டையைப் போட்டுத் தலையை வாரிக்கொண்டு பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நல்லாயிருடா என்று மட்டும் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் அவர் கை தானாக மேலே வந்ததையும், வந்த வேகத்தில் கீழே போனதையும் நான் பார்த்தேன். மகளும் பார்த்தாள். வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. அப்பாவுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின் அனுப்புகிறேன் என்று சம்பந்தி அம்மாள் சொல்ல, மகள் மாமியாரோடு வந்த காரிலேயே திரும்பிப் போனாள்.

அன்றிலிருந்து இவர் தினமும் காலையில் அறை வாசலில் நின்று, இன்றைக்கு எவ்வளவு மிச்சம் என்று கேட்க ஆரம்பித்தார். லுட்டீசியம் கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒரு முறை தன்னில் பாதியாகும், உடம்பிலிருந்து சிறுநீரோடு முதலிலேயே நிறையப் போய்விடும் என்றேன். தோசையை வைத்து விளக்கினேன். முழுத் தோசை, பாதி, பாதியில் பாதி.

"அப்ப கடைசியா ஒரு துணுக்கு இருந்துகிட்டே இருக்குமா, டீச்சர்?"

"கணக்குப்படி பாத்தா பூஜ்யம் ஆகவே ஆகாதுங்க."

நல்ல கேள்வி கேட்ட மாணவனுக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு தோசையைத் திருப்பிப் போட்டேன். அவர் அறைக்குள் திரும்பிப் போனார். மறுநாளிலிருந்து மிச்சம் எவ்வளவு என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார். பழகிவிட்டது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மருத்துவமனை சொன்ன கெடு முடிந்தது. எதிர்வீட்டு அக்கா அதற்கும் ஒரு நாள் கூடவே பார்த்து, ஞாயிற்றுக்கிழமையாக வரட்டும் என்றாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை ஒரு வாளி கொண்டுவந்து, பின்கட்டில் இவரை உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு அடக்கமாக அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த சுற்று மருந்துக்கும் சொல்லுங்கள், மரத்தில் இலை நிறைய இருக்கிறது என்று அக்கா என்னிடம் சொன்னாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, பிடித்துக்கொண்டேன்.

அன்று மாலையே மகள் வந்துவிட்டாள். கேட்டில் கார் நின்றதும் வளையல் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. நான் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தேன். அப்பா எங்கே என்றாள். கூடத்தில் இல்லை, அறையில் இல்லை. பின்கட்டுக் கதவைத் திறந்தால், வேலியோரம் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருக்கிறார்.

என்ன இது விளையாட்டு, பிள்ளை வந்திருக்கிறது என்று நான் சத்தம் போட்டேன். அவர் அங்கிருந்தே, என்னிடம் மட்டும் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"பூஜ்யம் ஆகவே ஆகாதுன்னு நீதான சொன்ன. சின்ன உசுரு உள்ள இருக்கு. நான் இங்கயே நிக்கிறேன்."

தோசைத் துணுக்கு. பத்து நாளாக அந்தத் துணுக்கைத்தான் இந்த மனிதர் யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அது கணக்குங்க, டாக்டர் போகலாம்னு சொல்லியாச்சு, அந்தத் துணுக்கு யாரையும் ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துவிட்டது. அவர் நம்பியும் நம்பாமலும் என் முகத்தைப் பார்த்தார். கைகளை விடுவித்துக்கொண்டு வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

அதற்குள் மகள் படியிறங்கிப் புல்லில் நடந்து வந்துவிட்டாள். கையில் ஒரு சின்னக் கிண்ணம். வளைகாப்புக்கு வாங்கிய சந்தனத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்து, எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் காரிலேயே பன்னீர் விட்டுக் குழைத்திருக்கிறாள். அதை அவர் முன்னால் நீட்டினாள்.

லாரி ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல் இரண்டு, கிண்ணத்துக்குள் போய் வெகு நேரம் வெளியே வரவில்லை. பிறகு அவள் கன்னத்தில் பட்டும் படாமலும் ஒரு கோடு இழுத்துவிட்டு, சுட்டுக்கொண்டவர் போலக் கையை எடுத்தார். அவள் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"ஜில்லுன்னு இருக்குப்பா," என்றாள்.

அவர் அடுத்த கன்னத்துக்கும் பூசினார். இந்த முறை கையை எடுக்கவில்லை.